அப்பா பார்த்த ஈரானும் புத்தகத்து ஈரானும்

கேள்வி: அக்கா, நான் குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர்க்காரி. பி.எட். படிக்கிறேன். அப்பா பல வருஷம் ஈரானில் மீன்பிடிக்கப் போனவர். கொரோனா நேரத்தில் அங்கே மாட்டிக்கொண்டு, அங்குள்ள பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து நம் கடற்படைக் கப்பலில் ஊர் திரும்பினார். ஈரான்காரர்கள் என்றாலே கருப்பு அங்கியும் கோபமான முகமும்தான் என் மனதில் இருந்தன. போன மாதம் ஈரான்காரி மர்ஜான் சத்ரபி தன் வாழ்க்கையைப் படக்கதையாகச் சொல்லும் 'பெர்செபோலிஸ்' புத்தகத்தைப் படித்ததும் அந்த எண்ணமே மாறிவிட்டது. ஆசையாக அப்பாவிடம் சொன்னேன். "நான் அங்க கெடந்து சீரழிஞ்சவன். புத்தகம் வாசிச்சிட்டு நீ எனக்குச் சொல்லித் தாறியா?" என்று சத்தம் போட்டுவிட்டார். நான் யாரை நம்புவது?

பதில்: அப்பாவுக்குக் கோபம் வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. அதற்காக நீங்கள் படித்தது வீண் என்றும் ஆகாது.

சத்ரபி 1969-இல் பிறந்து தெஹ்ரானில் வளர்ந்தவர். 1979 புரட்சியின்போது ஒன்பது வயது. மறு வருஷம் பள்ளியில் முக்காடு கட்டாயமாகிறது. பிள்ளைகள் அதைக் கயிறாக்கித் தாண்டி விளையாடுகிறார்கள். ஈராக்குடன் போர் மூள்கிறது. 14 வயதில் பெற்றோர் வியன்னாவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். செய்தியில் நாம் பார்ப்பது தலைவர்களையும் கூட்டத்தையும்தான். இதில் வருவதோ ஒரு வாயாடிச் சிறுமியும் அவள் பாட்டியும். அந்தக் கருப்பு அங்கிக்குள் உங்கள் வகுப்புத் தோழி மாதிரி ஒருத்தி இருப்பது தெரிந்துவிட்டது. இனி டிவியில் ஈரான் வந்தால் பழைய மாதிரிப் பார்க்க உங்களால் முடியாது.

ஆனால் இது வசதியான, இடதுசாரி எண்ணம் கொண்ட தலைநகரக் குடும்பம் ஒன்றின் கதை. சத்ரபி அதை மறைக்கவே இல்லை. வேலைக்காரப் பெண் மெஹ்ரி நினைவிருக்கிறாளா? பக்கத்து வீட்டுப் பையன்மேல் காதல். எழுதத் தெரியாததால் மர்ஜிதான், அதாவது சிறுமி சத்ரபிதான், கடிதம் எழுதித் தருகிறாள். அவள் வேலைக்காரி என்று தெரிந்ததும் அவன் விலகிவிடுகிறான். இன்னோர் இடத்தில், ஏழை வீட்டுப் பையன்களுக்குத் தங்க நிறம் பூசிய பிளாஸ்டிக் சாவி கொடுக்கிறார்கள், போரில் செத்தால் சொர்க்கம் திறக்குமாம். அவர்கள் கண்ணிவெடியில் சிதறுகிற படத்துக்குக் கீழேயே மர்ஜி விருந்தில் ஆடுகிறாள். தன்னையே இப்படிக் காட்டிக்கொடுக்க ஒரு துணிச்சல் வேண்டும்! மெஹ்ரி எழுதியிருந்தால் நமக்கு வேறொரு ஈரான் கிடைத்திருக்கும். அவளால் எழுத முடியவில்லை. உங்கள் அப்பாவும் எழுதவில்லை.

அப்பா இருந்த தெற்குக் கரைக்கும் தெஹ்ரானுக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஷியாக்களின் நாடு என்கிறோம். அந்தக் கரையில் சுன்னிகளும் நிறைய உண்டு. 2020 ஜூலையில் கடற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். ஜலஷ்வா 687 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியதே, அதில் பலர் நம் மாவட்ட மீனவர்கள். அவர்களுக்கு ஈரான் என்றால் முதலாளி, வெயில், முடியாத மீன்பிடிப் பங்குக் கணக்கு.

நம் மாவட்டத்தையே எடுங்கள். தோவாளைப் பூ வியாபாரி ஒருவர் தன் வரலாறு எழுதினால் அதில் கடல் எவ்வளவு வரும்? மார்த்தாண்டத்து ரப்பர் தோட்டக்காரர் எழுதினால்? அதில் ஒன்றை மட்டும் படித்த தெஹ்ரான்காரி ஒருத்தி உங்களிடம் வந்து கன்னியாகுமரியைப் பற்றிப் பாடம் எடுத்தால், நீங்களும் அப்பா மாதிரிதான் சத்தம் போடுவீர்கள்.

அதனால் கொஞ்ச நாள் புத்தகப் பேச்சை விட்டுவிட்டு அப்பாவிடம் கேளுங்கள். படகில் கூட யார் இருந்தார்கள், சமையல் யார், கணக்கு எப்படி முடித்தார்கள், மாட்டிக்கிடந்த நாட்களில் கரையிலிருந்து யாராவது ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார்களா என்று. "ஈரான்காரங்க எப்படிப்பா?" என்று மட்டும் கேட்க வேண்டாம். முதலாளியைத் திட்டுவதோடு பேச்சு முடிந்துவிடும். சொல்லச் சொல்ல எழுதி வையுங்கள். மீனவர்களின் ஈரான் அனுபவம் செய்தித்தாளில் வந்த அளவுக்குப் புத்தகமாக வரவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

அப்புறம், அவராகக் கேட்டால் புத்தகத்தைக் கொடுங்கள். படக்கதைதானே, சீக்கிரம் முடித்துவிடுவார். சித்திரவதைக் காட்சிகள் உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றில்லை. மெஹ்ரி வரும் பகுதியை எடுத்துக் காட்டினாலும் சரி.