பெயர் ஒன்று, வேலை பல: இண்டெக்ஸ் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பல, 'இண்டெக்ஸ்' என்ற ஒரே சொல்லைச் சுற்றி இருந்ததால் அவற்றை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். வலைத்தளக் கோப்பு, தேடுபொறி, டேட்டாபேஸ், புரோகிராம் என்று இடத்துக்கு இடம் அந்தச் சொல்லின் வேலை மாறுகிறது. குழப்பம் வரும்போது, "இந்த இண்டெக்ஸை யார் படிக்கிறார்கள்?" என்று முதலில் கேட்டுப் பாருங்கள். பாதி சிக்கல் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

கேள்வி: கடைக்கு ஒரு வலைத்தளம் செய்து சர்வரில் ஏற்றினேன். முகவரியைத் திறந்தால் பக்கத்துக்குப் பதில் கோப்புகளின் பட்டியல் வருகிறது. ஏன்?

பதில்: இதைப் படிப்பது சர்வர். முகவரியில் கோப்பின் பெயர் இல்லாமல் ஃபோல்டர் மட்டும் இருந்தால், எந்தக் கோப்பைக் கொடுப்பது என்று அது தன்னிடமுள்ள ஒரு பெயர்ப் பட்டியலைப் பார்க்கும். அப்பாச்சி சர்வரில் அந்த அமைப்புக்கு 'டைரக்டரிஇண்டெக்ஸ்' என்று பெயர். அதில் எழுதிய வரிசையில் தேடி, முதலில் அகப்படும் கோப்பைக் கொடுக்கும். எதுவும் அகப்படாதபோது, பட்டியல் காட்ட அனுமதி இருந்தால் நீங்கள் பார்த்த பட்டியல் வரும்; அனுமதி இல்லையென்றால் 'பார்க்க அனுமதியில்லை' என்ற 403 பிழை வரும்.

உங்கள் கோப்பு 'இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்' என்று முழுக்கச் சின்ன எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். லினக்ஸ் சர்வருக்குப் பெரிய 'ஐ'யும் சின்ன 'ஐ'யும் வேறு வேறு. விண்டோஸ் நோட்பேடில் சேமித்திருந்தால் பெயரின் வாலில் '.டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். ஜிப்பை விரித்தபோது எல்லாம் உள்ளே இன்னொரு ஃபோல்டருக்குள் போயிருப்பதும் அடிக்கடி நடப்பது. வேர்ட்பிரஸ் நிறுவிய பிறகும் பழைய பக்கமே வருகிறது என்றால், பட்டியலில் எச்டிஎம்எல் கோப்பு வேர்ட்பிரஸின் பிஎச்பி கோப்புக்கு முன்னால் இருக்கிறது. பழைய எச்டிஎம்எல் கோப்பை அழித்துவிடுங்கள்.

பக்கம் சரியாக வந்த பிறகும் பட்டியல் காட்டுவதை நிறுத்தியே ஆகவேண்டும். படங்களுக்கான ஃபோல்டரில் யாரோ மறந்து வைத்த டேட்டாபேஸ் பேக்கப், அப்படியே ஊருக்குத் திறந்து கிடக்கும். '.எச்டிஆக்சஸ்' என்ற அப்பாச்சி அமைப்புக் கோப்பில் 'ஆப்ஷன்ஸ் -இண்டெக்சஸ்' என்ற ஒரு வரி போதும். அதைச் சேர்த்ததும் 500 பிழை வந்தால், அந்த அமைப்பை மாற்ற உங்கள் ஹோஸ்டிங்கில் அனுமதி இல்லை. ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: கூகுள் தேடலில் வரக்கூடாது என்று ஒரு பக்கத்தை 'ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி'யில் தடுத்தேன். பல வாரம் ஆகியும் முகவரி தேடலில் வருகிறதே?

பதில்: ரோபோட்ஸ் கோப்பு, பக்கத்தைப் படிக்காதே என்று மட்டும்தான் சொல்கிறது. வேறு தளங்கள் அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்காமலே முகவரியை மட்டும் கூகுள் தன் இண்டெக்ஸில் வைத்துக்கொள்ளும். வராமல் தடுக்க, பக்கத்தின் தலைப்பகுதியில் 'நோஇண்டெக்ஸ்' மெட்டா குறி வேண்டும். அந்தக் குறியைப் பார்க்க கூகுள் உள்ளே வரவேண்டுமே! அதனால் முதலில் தடையை எடுங்கள், பிறகு குறியைப் போடுங்கள், பிறகு தள உரிமையாளர்களுக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோலில் அந்த முகவரியைக் கொடுத்து மறுபடி படிக்கச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் குறி படிக்கப்படாமலே கிடக்கும். ரோபோட்ஸ் கோப்புக்குள் நோஇண்டெக்ஸ் என்று எழுதும் பழைய வழியை கூகுள் 1 செப்டம்பர் 2019 முதல் ஏற்பதில்லை. பிடிஎஃப் கோப்புக்கு மெட்டா குறி வைக்க இடமில்லை. சர்வர் அனுப்பும் 'எக்ஸ்-ரோபோட்ஸ்-டேக்' ஹெடரில் கொடுக்கவேண்டும். ரகசியமான பக்கம் என்றால் இது எதுவும் காவல் ஆகாது, பாஸ்வேர்டு போடுங்கள்.

கேள்வி: ஆர்டர் டேபிளில் 40 லட்சம் பதிவுகள். போன் எண்ணுக்கு இண்டெக்ஸ் போட்டும் தேடல் மெதுவாகவே இருக்கிறது. எல்லா நெடுவரிசைக்கும் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். போட்ட இண்டெக்ஸை டேட்டாபேஸ் ஏன் தொடவில்லை என்று முதலில் பார்ப்போம்.

பெரும்பாலான டேட்டாபேஸ்களில் இண்டெக்ஸ் என்பது பி-ட்ரீ, அதாவது வரிசையாக அடுக்கிய பக்கங்கள் கிளைகிளையாகப் பிரியும் மர அமைப்பு. போயிங் நிறுவனத்தில் இருந்த ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் 1972-இல் இதழில் வெளியிட்டது, இன்றும் அடிப்படையில் அதேதான். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி இதை 16 கேபி பக்கங்களாக வைக்கிறது. ஒரு பக்கத்தில் 300 எண்கள் அடங்கும் என்று வைத்துக்கொண்டால், மூன்றே அடுக்கில் 300×300×300, அதாவது 2 கோடியே 70 லட்சம் பதிவுகளை எட்டலாம். 40 லட்சம் பதிவில் ஒன்றைப் பிடிக்க இண்டெக்ஸில் மூன்று பக்கங்களைப் புரட்டினால் போதும். வரிசையாக அடுக்கியிருப்பதால்தான் இந்த வேகம். உங்கள் கேள்வி அந்த வரிசையோடு பொருந்தாவிட்டால் வேகம் போய்விடும்.

எஸ்க்யூஎல் வரிக்கு முன்னால் 'எக்ஸ்பிளெய்ன்' சேர்த்து ஓட்டுங்கள். எப்படித் தேடுகிறது என்று மைஎஸ்க்யூஎல் காட்டும் விடையில், 'டைப்' என்ற இடத்தில் 'ஆல்' என்று வந்தால் முழு டேபிளையும் படிக்கிறது என்று பொருள். போன் எண் விஷயத்தில் நாங்கள் முதலில் சந்தேகிப்பது மேற்கோள் குறியைத்தான். நெடுவரிசை எழுத்து வகையில் இருக்க, தேடும் எண்ணை மேற்கோள் குறி இல்லாமல் வெறும் எண்ணாகக் கொடுத்தால், மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு பதிவையும் எண்ணாக மாற்றி ஒப்பிடும், இண்டெக்ஸ் பயன்படாது. குறிக்குள் போட்டால் சரியாகிவிடும். தேதியின் மேல் ஃபங்ஷன் போட்டுத் தேடுவதும் இதே தவறுதான்; 'இந்த நாள் 0 மணி முதல் மறுநாள் 0 மணிக்கு முன்வரை' என்று எல்லை கொடுத்துத் தேடுங்கள்.

கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் கொடுத்துத் தேடுகிறீர்களா? அகராதியில் 'கொடி' என்று தொடங்கும் சொற்களை ஒரே இடத்தில் எடுத்துவிடலாம். 'கொடி' என்று முடியும் சொற்களுக்கு முழு அகராதியையும் புரட்டவேண்டும். எண்ணைத் திருப்பி எழுதிய இன்னொரு நெடுவரிசை வைத்து, அதற்கு இண்டெக்ஸ் போட்டால் வால் தலையாகிவிடும். இரண்டு நெடுவரிசைகளைச் சேர்த்துப் போடும் இண்டெக்ஸிலும் இதே நியாயம்தான்: (மாவட்டம், தேதி) என்று போட்டால் மாவட்டத்துக்கும், மாவட்டமும் தேதியும் சேர்ந்த தேடலுக்கும் உதவும். தேதியை மட்டும் தேடினால் பெரும்பாலும் உதவாது.

எல்லாவற்றுக்கும் போட்டால் என்ன நஷ்டம்? ஒவ்வொரு புதிய ஆர்டருக்கும் அத்தனை இண்டெக்ஸையும் திருத்தவேண்டும், பில் போடுவது மெதுவாகும், டிஸ்க்கும் நிறையும். 'அனுப்பியாயிற்று, பாக்கி, ரத்து' என்று மூன்றே மதிப்பு சமமாக விரவியிருக்கும் நெடுவரிசைக்குப் போட்டாலும் டேட்டாபேஸ் அதைத் தொடாது. பதிவுகளில் மூன்றில் ஒரு பங்கை ஒவ்வொன்றாகத் தாவி எடுப்பதைவிட முழுசாகப் படிப்பதே அதற்கு மலிவு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: வேறொரு டேபிளின் பதிவைச் சுட்டும் ஃபாரின் கீக்கு இன்னோடிபி தானே இண்டெக்ஸ் போட்டுக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் போடாது. கடை நடக்கும் நேரத்தில் போடுவதானால், ஆர்டர் பதிவதைத் தடுக்காமலிருக்க 'கன்கரன்ட்லி' சேர்த்துப் போடுங்கள். பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சும். அதை நீக்கிவிட்டு மறுபடி போடவேண்டும்.

கேள்வி: சிஎஸ்எஸ்-இல் இசட்-இண்டெக்ஸ் 9999 கொடுத்தும் மெனு படத்துக்குக் கீழேதான் போகிறது.

பதில்: இது பக்கத்தில் எது மேலே, எது கீழே என்று சொல்லும் வெறும் அடுக்கு எண். 'பொசிஷன்' கொடுக்காத சாதாரண உறுப்புக்கு இது செல்லாது. ஃப்ளெக்ஸ், கிரிட் என்ற அடுக்கும் முறைகளின் உள்ளே இருப்பவை மட்டும் விலக்கு. பொசிஷன் இருந்தும் நடக்கவில்லையென்றால் மெனுவின் தாய் உறுப்பைப் பாருங்கள். அதில் 'டிரான்ஸ்ஃபார்ம்' அல்லது 1-க்குக் குறைவான 'ஒபாசிட்டி' இருந்தால் அது தனி அடுக்காகிவிடும். உள்ளே 9999 கொடுத்தாலும் வெளியே தாயின் எண்தான் பேசும். தாயின் எண்ணை உயர்த்துங்கள்.

கேள்வி: புரோகிராமில் இண்டெக்ஸ் ஏன் 0-வில் தொடங்குகிறது? 'தமிழ்' என்ற சொல்லில் 1-ஆம் எழுத்தைக் கேட்டால் 'மி'க்குப் பதில் 'ம' வருகிறதே?

பதில்: இங்கே இண்டெக்ஸ் என்பது தொடக்கத்திலிருந்து எத்தனை தள்ளி என்ற கணக்கு. சி மொழியில் ஓர் உறுப்பின் முகவரி = தொடக்க முகவரி + இண்டெக்ஸ் × உறுப்பின் அளவு. முதல் உறுப்பு 0 தள்ளி இருக்கிறது. லுவா, ஆர் போன்ற மொழிகள் 1-இல் தொடங்குகின்றன.

இரண்டாவது கேள்வி தமிழில் எழுதும் ஒவ்வொரு புரோகிராமரும் தெரிந்துகொள்ளவேண்டியது. நமக்கு 'தமிழ்' மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் இந்த ஐந்தை எண்ணுகின்றன. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15 பைட். பிஎச்பியின் 'சப்ஸ்டிஆர்' பைட்டை எண்ணுவதால், எழுத்தின் நடுவில் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் வைர வடிவுக்குள் கேள்விக்குறி வந்து நிற்கும். ஜாவாஸ்கிரிப்டில் 'இன்டெல்.செக்மென்டர்', பிஎச்பியில் 'கிராஃபீம்_சப்ஸ்டிஆர்' பயன்படுத்தினால் நாம் எண்ணுவதுபோல் மூன்று வரும். செய்தித் தலைப்பை 60 எழுத்தில் வெட்டும் வேலைக்கு இவைதான் சரி.

கேள்வி: உறுப்பினர் பட்டியலில் 'கௌரி' இருக்கிறார், தேடினால் இல்லை என்கிறது. அகரவரிசையும் தப்பாக வருகிறது.

பதில்: பலர் 'கௌ' தட்டத் தெரியாமல் கெ, ள என்று இரண்டாகத் தட்டுகிறார்கள். 'கெளரி'யும் 'கௌரி'யும் பார்வைக்கு ஒன்று, இண்டெக்ஸுக்கு வேறு. 'கொ'வையும் ஒரே உயிர்க்குறியாகவோ ஒற்றைக் கொம்பும் காலுமாகவோ எழுதலாம். இந்த வித்தியாசத்தை, யூனிகோடின் சீராக்கும் முறையான என்எஃப்சிக்கு மாற்றினால் நீக்கிவிடலாம். கௌரியின் ளகரத்தை என்எஃப்சி திருத்தாது. ளகரத்தை எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு ஔகாரக் குறியாக மாற்றினால் 'தெளிவு' என்ற சொல் கெட்டுவிடும். ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களில் மட்டும் மாற்றி, அதைத் தேடலுக்கென்ற தனி நெடுவரிசையில் வையுங்கள். மூலப் பெயரைத் தொடாதீர்கள்.

யூனிகோடு எண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து வருகிறது, அதனால் 'மனை' 'மலை'க்கு முன்னால் நிற்கும். நம் மரபில் மலைதான் முன். போஸ்ட்கிரெஸ் 10 முதல், ஐசியு என்ற மொழிவிதித் தொகுப்பின் தமிழ் வரிசையைக் கேட்டுப் பெறலாம். பட்டியலை வரிசைப்படுத்தும் இண்டெக்ஸையும் அதே வரிசையில் போடவேண்டும்.

லினக்ஸை மேம்படுத்தும்போது இங்கே ஓர் ஆபத்து உண்டு. லினக்ஸின் அடிப்படை நிரல் தொகுப்பான ஜிலிப்சியின், 2018-இல் வந்த 2.28 பதிப்பு எழுத்து வரிசை விதிகளைப் பெரிய அளவில் மாற்றியது. பழைய விதிப்படி அடுக்கிய இண்டெக்ஸைப் புதிய விதிப்படி போஸ்ட்கிரெஸ் தேடும்போது, இருக்கும் பெயர் இல்லை என்று வரும். ஒரே பெயர் இரண்டு முறை நுழையவும் கூடும். ஐசியு பதிப்பு மாறினாலும் இது நேரலாம். மேம்படுத்தியதும், ஆட்களை உள்ளே விடும் முன், எழுத்து நெடுவரிசைகளின் இண்டெக்ஸ்களை மறுபடி அடுக்கும் 'ரீஇண்டெக்ஸ்' கட்டளையைக் கொடுங்கள். ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் 'யூனிக்' இண்டெக்ஸில் அது பிழை காட்டி நின்றால் இரட்டைப் பதிவு ஏற்கெனவே நுழைந்துவிட்டது. அதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டவேண்டும்.