வாசகர் கேள்வி – பதில்: லித்தியம் மாத்திரையும் முதிய மூளையும்

கேள்வி: என் அம்மாவுக்கு 69 வயது. இருதுருவ மனநோய்க்காக நெடுங்காலமாக லித்தியம் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். இம்மருந்து மூளையில் என்ன செய்கிறது என்று ஆராய்ந்த ஸ்டான்லி ராப்பபோர்ட் என்னும் அமெரிக்க விஞ்ஞானியைப் பற்றிக் கல்லூரியில் கேள்விப்பட்டதாக என் மகள் சொன்னாள். அவர் எதைத்தான் கண்டறிந்தார்? வயதான காலத்தில் இந்த மாத்திரை மூளையைத் தேய்த்துவிடுமோ என்று அச்சமாகவும் இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: ராப்பபோர்ட், அமெரிக்கத் தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தில் மூளையின் வளர்சிதை மாற்றத்தை ஆராயும் பிரிவுக்குப் பல ஆண்டுகள் தலைமை வகித்தவர். முதுமை, மனநல மருந்து, மூளையின் வளர்சிதை மாற்றம் என மூன்று திசைகளில் அவருடைய ஆய்வு சென்றது போலத் தோன்றினாலும், மூளைக்குள் ஒரு பொருள் எவ்வளவு வேகத்தில் வந்து செலவாகிறது என்ற ஒரே கேள்வியைத்தான் அவர் திரும்பத் திரும்பக் கேட்டார் என்பது என் கருத்து.

உங்கள் ஊர்ப் பக்கம் கன்னடியன் கால்வாயால் நிறையும் குளங்களைப் பார்த்திருப்பீர்கள். கால்வாயில் வரும் தண்ணீரும் மடை வழியே வயலுக்குப் போகும் தண்ணீரும் சமமாக இருந்தால், நாள் முழுக்க நீர்மட்டம் அசையாமல் நிற்கும். கரையில் நின்று மட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஓட்டம் தெரியாது. மூளையிலும் அப்படித்தான். உடலெடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள அது, நாம் சும்மா படுத்திருக்கும்போதும் உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தைச் செலவிடுகிறது. குளுக்கோஸைப் போலவே செல்லுக்குள் நுழைந்து, முதல் படியோடு மேலே சிதையாமல் தங்கிவிடும் டிஆக்சிகுளுக்கோஸைக் கொண்டு அந்தச் செலவை இடம் இடமாக அளக்கும் முறையை லூயி சொக்கலாஃப் குழுவினர் 1977இல் வெளியிட்டார்கள். கதிரியக்க அடையாளமிட்ட சர்க்கரையைச் செலுத்தி, மூளையில் அது செலவாவதைப் படமாகக் காட்டும் இன்றைய பெட் ஸ்கேனுக்கும் அடிப்படை அதுவே. அல்சைமர் நோயாளிகளின் மூளை சுருங்கியிருப்பதைக் கணக்கில் கழித்த பிறகும் சர்க்கரைச் செலவு குறைவாகவே இருப்பதை ராப்பபோர்ட் குழுவினர் அந்த ஸ்கேன் மூலம் காட்டினர்.

லித்தியத்தின் கதை இதற்கு முந்தையது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இலேயே அதன் பயனை எழுதிவிட்டார். ஏன் பயன்படுகிறது என்பதுதான் புரியாமல் இருந்தது. ராப்பபோர்ட் குழுவினர் பல வாரங்கள் லித்தியம் கொடுத்த எலிகளின் இரத்தத்தில், கதிரியக்க அடையாளமிட்ட கொழுப்பு அமிலங்களைச் செலுத்திப் பார்த்தனர். மூளைச் செல்களின் உறையில் அராக்கிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் பிரிந்து மறுபடி சேரும் வேகம் பெரிதும் குறைந்திருந்தது. டிஎச்ஏ என்னும் மற்றொரு கொழுப்பு அமிலத்தின் வேகமோ மாறவில்லை. குளம் அப்படியே இருக்க, ஒரு மடை மட்டும் பாதி அடைபட்டது போல. இதே நோய்க்குத் தரப்படும், ஆனால் வேதியியலில் லித்தியத்துக்குத் தொடர்பே இல்லாத வால்ப்ரோயேட் என்ற மருந்தும் அதே மடையைத்தான் அடைத்தது என்பதே இந்த ஆய்வில் என்னைக் கவர்ந்த இடம். ஆனாலும் மனிதரிடம் நோய் தணிவதற்கு இதுவே காரணம் என்பது இன்னும் கருதுகோள்தான்.

மூளை தேயுமோ என்ற அச்சத்துக்கு வருவோம். உரிய அளவில் சாப்பிடும் லித்தியம் மூளையைத் தேய்ப்பதாகச் சான்றில்லை. அஞ்ச வேண்டியது இரத்தத்தில் அதன் அளவு ஏறுவதற்குத்தான். லித்தியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். வயதாக ஆக அதன் வேகம் குறைவதால், முன்பு பொருந்திய மாத்திரை அளவே பின்னாளில் மிகையாகிவிடக்கூடும். அக்னி நட்சத்திர வெயிலில் வியர்த்து நீர் வற்றினாலும், இரத்த அழுத்தத்துக்காகத் திடீரென்று உப்பைக் குறைத்தாலும், முழங்கால் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றைச் சாப்பிட்டாலும், சிறுநீர் பிரிக்கும் சில மாத்திரைகளைச் சேர்த்தாலும் அந்த அளவு ஏறும். கை நடுக்கம் கூடுதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் தென்பட்டால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்த அறிகுறிகள் இல்லாதபோது, அச்சத்தால் நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள், நோய் திரும்பிவிடக்கூடும். லித்தியம் அளவோடு சிறுநீரகம், தைராய்டு சோதனைகளும் முறையாக நடக்கின்றனவா என்று கேளுங்கள். இரவு மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரை சாப்பிடும் முன் இரத்தம் கொடுக்க வேண்டும். போகும்போது முழங்கால் வலி மாத்திரையின் அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.