போதைக்கு அடிமையான அர்ஜென்டினா கால்பந்து வீரர் மரடோனாவை மக்கள் ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?

போதை அடிமைத்தனம் என்பது, கெடுதல் என்று தெரிந்தும் நிறுத்த முடியாமல் போகும் நோய். போதைப்பொருள் மூளைக்குத் திடீர் இன்பம் தருகிறது. அதற்குப் பழகிய பிறகு சாதாரண மகிழ்ச்சிகள் சப்பென்று ஆகிவிடுகின்றன. புகழ் இதை இன்னும் மோசமாக்கும். கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்கப் பலர் இருப்பார்கள். 'வேண்டாம்' என்று சொல்ல ஆள் இருக்காது.

பாம்பன் பாலத்துக்கு அடியில் ஓடும் நீரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். அதில் சிக்கிய வள்ளத்தில் இருப்பவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் எடுபடாது. கயிறு கட்டி இழுக்க இன்னொரு படகு வர வேண்டும்.

1991இல் இத்தாலியில் கொக்கைன் என்ற போதைப்பொருளுக்கான பரிசோதனையில் சிக்கிய மரடோனாவுக்கு 15 மாதத் தடை விதிக்கப்பட்டது. அவர் ஆடிவந்த, அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய நேப்பிள்ஸ் நகரை விட்டு அவர் வெளியேறினார். ஆனால் 2020இல் அவர் இறந்தபோது அர்ஜென்டினா மூன்று நாள் துக்கம் அனுசரித்தது. நேப்பிள்ஸ் தன் மைதானத்துக்கே அவர் பெயரைச் சூட்டியது. குடிசைப் பகுதியில் வளர்ந்து உச்சிக்குப் போனவரை ஏழை மக்கள் தங்களில் ஒருவராகவே பார்த்தார்கள். கீழக்கரையிலும் தொண்டியிலும் செருப்புகளைக் கோல் கம்பமாக்கி ஈரமணலில் பந்து உதைக்கும் பையன்களுக்கு அது எளிதில் புரியும். அவர்களிடம் அவருடைய கோல்களை மட்டும் சொல்லி, நோயை மறைப்பது துரோகம் என்பேன்.

கொக்கைன்தான் அவரை அவ்வளவு அபாரமாக ஆட வைத்தது என்று சிலர் நினைக்கலாம். உண்மையில் அது அவர் உடலைத்தான் சிதைத்தது, 1994 உலகக் கோப்பையிலிருந்து அவரை வெளியேற்றியதும் எபெட்ரின் என்ற வேறொரு மருந்து.