ஒரே பழங்கட்டடம் பருவந்தோறும் படத்தில் மாறித் தெரிவது ஏன்?

வழக்கமாக நடந்து செல்லும் பாதையில் உள்ள பழைய கற்கட்டடம் பருவந்தோறும் படத்தில் வேறாகத் தெரிவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். புவியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதால், சூரியன் உதிக்கும் இடமும் நண்பகலில் அது நிற்கும் உயரமும் ஆண்டு முழுவதும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒரு பருவத்தில் நிழலிலேயே கிடக்கும் சுவர் இன்னொரு பருவத்தில் நேர்வெயில் பெறுவது இதனால்தான். தேய்ந்த கல்வெட்டைப் படமெடுக்க, வெயில் சுவரை உரசிச் செல்லும் வேளைக்காகக் காத்திருங்கள். நேரொளியில் மறைந்துபோகும் எழுத்துகளின் பள்ளங்களில் அப்போது நிழல் தங்கி, ஒவ்வொரு கோடும் துலங்கும்.

மழை ஓய்ந்தவுடன் செல்வதையே நான் பெரிதும் விரும்புகிறேன். கல் கருத்திருக்கும், வெயிலில் சாம்பல் நிறமாக உலர்ந்து கிடந்த லைக்கன் (பூஞ்சையும் பாசியும் இணைந்து கல்லின் மேல் படரும் உயிரி) நீரை உறிஞ்சியதும், அதன் மேற்புறம் ஒளிபுகும் தன்மை பெற்று, உள்ளிருக்கும் பாசியின் பச்சை வெளிப்படும்.