தண்ணீரில் நடந்த இறுதி ஆட்டம்: 1968 சேலஞ்ச் கோப்பை கேள்வி பதில்

அணிக்கு 13 பேர் ஆடும் ரக்பி வகையான ரக்பி லீக்கில், இங்கிலாந்தின் 1967-68 சேலஞ்ச் கோப்பை பற்றி நண்பர்கள் கேட்டதும், நான் சொன்னதும்.

கேள்வி: அண்ணே, நான் இந்த ஆட்டத்துக்குப் புதுசு. லீக் வேற, கோப்பை வேறயா?

பதில்: வேறதான் தம்பி. லீக்கில் ஒரு வாரம் சறுக்கினால் அடுத்த வாரம் எழுந்துகொள்ளலாம். சேலஞ்ச் கோப்பையில் தோற்ற அன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான். 1897-ல் முதல் இறுதி ஆட்டம் லீட்ஸ் நகரில் நடந்தது. பேட்லி அணி 10-3 என செயின்ட் ஹெலன்ஸை வென்றது. 1929-ல் இறுதி ஆட்டம் லண்டன் வெம்ப்ளி மைதானத்துக்குப் போனது. வட இங்கிலாந்தின் சுரங்க ஊர்களும் மில் ஊர்களும் அன்றைக்கு ரயிலேறி லண்டனுக்குக் கிளம்பிவிடும்.

கேள்வி: அந்த சீசனில் யார் கை ஓங்கியிருந்தது?

பதில்: லீக் பட்டியலில் லீட்ஸ் முதலிடம். ஆனால் லீக் பட்டத்தை முடிவுசெய்யும் சாம்பியன்ஷிப் இறுதியில் ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸை 17-10 என வென்று பட்டத்தைத் தட்டியது வேக்ஃபீல்ட் டிரினிட்டி. கோப்பை இறுதியிலும் இதே லீட்ஸும் வேக்ஃபீல்டும்தான். இரண்டும் யார்க்‌ஷயரில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், பகைக்குக் கேட்கவா வேண்டும்!

கேள்வி: அந்தக் கோப்பை இறுதிக்கு ‘வாட்டர்ஸ்ப்ளாஷ் ஃபைனல்’ (தண்ணீர் தெறித்த இறுதி) என்று ஏன் பெயர்?

பதில்: 1968 மே 11, வெம்ப்ளி. 87,100 பேர் கூடியிருக்க, வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. புல்வெளியில் குளம் கட்டி, ஓடுகிறவன் விழுந்தால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சில கஜம் சறுக்கிக்கொண்டே போனான். பழைய படச்சுருளில் பார்த்தால் எனக்கே குளிரெடுக்கும். இன்றைக்கு என்றால் ஆட்டத்தை நிறுத்தியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி: வேக்ஃபீல்டின் கையைவிட்டுக் கோப்பை போன அந்தக் கடைசி உதையைக் கொஞ்சம் விளக்குங்களேன்.

பதில்: பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்தால் டிரை, கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கோல். அப்போது டிரைக்கு 3 புள்ளி, கோலுக்கு 2. இடைவேளையில் வேக்ஃபீல்ட் 7-4 முன்னிலை. பிறகு லீட்ஸின் ஜான் அட்கின்சனை விதிமீறித் தடுத்தார்கள் என்று நடுவர் டிரை கொடுத்தார். பெவ் ரிஸ்மன் கோலும் அடித்து 9-7. முடியும் தறுவாயில் ரிஸ்மன் இன்னொரு பெனால்டியும் (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் கோல் உதை) போட 11-7. லீட்ஸ்காரர்கள் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள்.

ஆட்டத்தை மறுபடி தொடங்கும்போது வேக்ஃபீல்டின் டான் ஃபாக்ஸ் பந்தைத் தரையோடு உதைத்தார். ஈரத்தில் லீட்ஸ் தடுமாற, வேக்ஃபீல்டின் கென் ஹர்ஸ்ட் பந்தைக் காலாலேயே தட்டிக்கொண்டு ஓடி, கம்பங்களுக்கு நேர் கீழே டிரை போட்டார். 11-10. மிச்சம் ஒரே ஒரு கன்வர்ஷன், அதாவது டிரைக்குப் பின் கிடைக்கும் 2 புள்ளி கோல் உதை. கம்பத்துக்கு நேர் எதிரே, சின்னப் பையனே போட்டுவிடும் இடம். டான் ஓடிவந்து உதைத்தார். ஈரப் பந்து வலப்பக்கம் விலகிப் போனது. கோப்பை 11-10 என லீட்ஸுக்கு. டான் மண்டியிட்டுத் தலையைத் தொங்கப்போட்டார். டிவி வர்ணனையாளர் எடி வேரிங், “பாவம் பையன்” என்றார். வேறு என்ன சொல்வது?

கேள்வி: வேக்ஃபீல்டில் உதைக்க வேறு ஆளே இல்லையா?

பதில்: இருந்தார், டானின் சொந்தத் தம்பி நீல் ஃபாக்ஸ். 1960 வெம்ப்ளி இறுதியில் தனியொருவராக 20 புள்ளி எடுத்தவர். ரக்பி லீக்கில் அதிகப் புள்ளிகள் எடுத்த சாதனையும் அவருடையதே. அன்றைக்குக் காயத்தால் ஆடவில்லை. அதனால் உதைக்கும் வேலை அண்ணன் தலையில் விழுந்தது.

கேள்வி: டானுக்குத்தான் ஆட்டநாயகன் விருது என்கிறார்களே, கதையா சார்?

பதில்: நிஜம்தான். லான்ஸ் டாட் கோப்பை என்ற அந்த விருதுக்குப் பத்திரிகையாளர்கள் ஆட்டம் முடியுமுன்பே வாக்களித்துவிட்டார்கள். அது சரியான தீர்ப்பு என்பேன். வேக்ஃபீல்டின் 10 புள்ளிகளில் 4 அவர் காலில் வந்தவை, கடைசி டிரையும் அவர் உதையில் பிறந்தது.

கேள்வி: அட்கின்சனுக்கு நடுவர் கொடுத்த அந்த டிரை சரிதானா?

பதில்: வேக்ஃபீல்ட்காரர் எதிரே இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். வழுக்கி விழுந்ததற்கா டிரை என்பார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

கேள்வி: வேக்ஃபீல்ட் அதற்கப்புறம் கோப்பையை ஜெயித்ததா?

பதில்: 1979-ல் மறுபடி வெம்ப்ளி போய் விட்னஸிடம் 12-3 எனத் தோற்றது. அவர்கள் கடைசியாகக் கோப்பை தூக்கியது 1963-ல்.