வவுச்சர் இல்லாத நன்றி

அன்புள்ள சார்,

என் சொந்த ஊர் கும்பகோணம். இப்போது சென்னையில் ஆடிட்டராக இருக்கிறேன், வயது நாற்பத்திரண்டு. எனக்குத் தொழில் கற்றுத்தந்த ஆடிட்டர் சாருக்கு வருகிற தை மாதம் சதாபிஷேகம். அவரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டர் ஆவதற்கான பயிற்சி) செய்தவர்கள் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் கொண்டுவருகிறோம். எனக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். மூன்று வாரமாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். ஒருமுறை எல்லார் முன்னாலும் என் மேல் ஃபைலை விட்டெறிந்தவர் அவர். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் அவர் இல்லையென்றால் நான் இல்லை. எதை எழுத, எதை விட? எழுதியவரை இணைத்திருக்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகங்கள். ‘மென்டார்’ என்பதற்குச் சரியான தமிழ்ச் சொல் என்ன? எல்லாமே யூடியூபில் கிடைக்கும் காலத்தில் அப்படி ஒருவர் இனி தேவைப்படுவாரா?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிச் சந்தேகங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஆசான், குரு, வாத்தியார் என்று எத்தனையோ சொல் இருக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் அண்ணாச்சி. நீங்கள் நாற்பத்திரண்டு வயதிலும் ‘ஆடிட்டர் சார்’ என்றுதான் எழுதுகிறீர்கள். அது போதாதா? யூடியூப் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. யூடியூப் யார் மேலும் ஃபைலை எறிவதில்லை.

இனி நீங்கள் இணைத்திருக்கும் பக்கம். கோபித்துக்கொள்ளாதீர்கள், படுமோசம். ‘நான் களிமண், அவர் குயவர்’ என்று தொடங்குகிறீர்கள். அடுத்த வரியில் அவர் கலங்கரை விளக்கம் ஆகிறார். அதற்கடுத்து ஏணி, பிறகு ஆலமரம். நடுவில் ‘எந்நன்றி கொன்றார்க்கும்’ குறள். அந்தக் குறளை மலரில் எழுதப்போகும் மற்றவர்களும் போடுவார்கள், பாருங்கள். உங்கள் சார் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு தாசில்தார் பெயரையோ கால்நடை மருத்துவர் பெயரையோ போட்டாலும் ஒரு வரி மாற்ற வேண்டியதில்லை. எண்பது வருடம் வாழ்ந்த ஒரு மனிதர் இதில் எங்கே இருக்கிறார்?

உங்கள் தொழில் பாஷையிலேயே கேட்கிறேன். ஒரு கட்சிக்காரர் வந்து ‘இந்த வருடம் செலவு மொத்தம் ஐம்பது லட்சம், எல்லாம் அவன் செயல்’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடுவீர்களா? பில் எங்கே, வவுச்சர் எங்கே, எந்தத் தலைப்பில் எழுதியது என்று குடைய மாட்டீர்களா? அப்படிக் குடையச் சொல்லித்தந்தவருக்கே வவுச்சர் இல்லாத நன்றியை அனுப்புகிறீர்கள். அவர் இதைப் படித்தால் இன்னொரு ஃபைல் பறந்து வரும்.

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் உ.வே.சா.வின் ‘என் சரித்திர’த்தைத் திரும்ப எடுத்து வைத்திருந்தேன். எத்தனையாவது முறை என்று கணக்கில்லை. நன்றியை எப்படி எழுதுவது என்று தமிழில் யாராவது பாடம் நடத்தியிருக்கிறார் என்றால் அது அவர்தான். பாடம் என்று சொல்லாமலே நடத்தியிருக்கிறார்.

1871இல், பதினாறு வயதில், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேருகிறார். வேங்கடராமன் என்ற பெயர் பின்னுக்குப் போய் சாமிநாதன் என்ற பெயர் நிலைத்ததே பிள்ளையால்தான். 1876இல் பிள்ளை இறந்துபோகிறார். கூட இருந்தது ஏறக்குறைய ஐந்து வருடம், அவ்வளவுதான். ஆனால் 1933, 34 ஆண்டுகளில், எண்பதைத் தொடப்போகும் வயதில், ஆசிரியரின் வாழ்க்கையை இரண்டு பாகமாக எழுதி அச்சிடுகிறார். இறந்து ஐம்பத்தேழு வருடம் கழித்து! அதில் குயவரும் இல்லை, களிமண்ணும் இல்லை. எந்த ஊரில் தங்கினார், யாருக்கு என்ன பாடம் சொன்னார், எந்தப் புராணம் எப்படி அரங்கேறியது, யாரிடம் கடன் பட்டார் என்று போகிறது. அத்தனை பெரிய வித்துவான் எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்த ஒரு நாளில் வீட்டில் எண்ணெய் இல்லாமல் போனதை உ.வே.சா. மறைக்கவில்லை. மறைத்திருந்தால் அது மரியாதை என்றுதான் பலரும் சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்று. அதே மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் உ.வே.சா. சங்கீதம் கற்கத் தொடங்கியிருந்தார். நந்தன் சரித்திரக் கீர்த்தனை பாடிய அதே பாரதியார். பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. இலக்கியப் படிப்பு கெடும் என்றார். உ.வே.சா. சங்கீதத்தை விட்டுவிட்டார். அவருடைய அப்பாவோ சங்கீதத்தால் பிழைத்தவர். அந்த வீட்டுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமா? ஆசிரியர் கொடுத்ததை எழுதிய அதே கை, அவரால் போனதையும் எழுதி வைத்திருக்கிறது. புலம்பல் கிடையாது. ஆனால் வரி இருக்கிறது. ஃபைல் எறிந்ததை எழுதலாமா என்று கேட்கும் நீங்கள் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள்.

சரி, சென்னை திருவல்லிக்கேணியில் உ.வே.சா. வாழ்ந்த வீட்டின் பெயர் தெரியுமா? ‘மீனாட்சிசுந்தர விலாசம்’ என்று இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை. ‘தியாகராஜ விலாசம்’. தியாகராச செட்டியார் உங்கள் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியர். பிள்ளையிடமே படித்தவர். உடல் நலமில்லாமல் 1880இல் வேலையை விட்டபோது அந்த இடத்துக்கு உ.வே.சா.தான் வரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகருக்கோ அவரை விட மனமில்லை. அவரையும் சம்மதிக்க வைத்துக் கல்லூரியில் கொண்டுபோய் உட்கார வைத்தார். சாப்பாட்டுக்கு வழி செய்தவர் செட்டியார். அதனால் குடியிருக்கும் வீட்டுக்கு அவர் பெயர். தமிழைத் தந்தவருக்குப் புத்தகம். எது எதற்கு ஈடு என்று என்ன துல்லியமான கணக்கு பாருங்கள்!

மூன்றாவது ஒருவர் உண்டு. அதே 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். உ.வே.சா. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்கினார். முதலியார் அசையவில்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம், சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்றார். பிள்ளையிடம் படித்தவருக்கு அது சுருக்கென்று தைத்திருக்கும். அந்தக் குத்தலில் பிறந்ததுதான் 1887இல் அச்சான சீவக சிந்தாமணிப் பதிப்பு. அதைப் புரிந்துகொள்ளக் கும்பகோணத்துச் சமணர்களின் வீடு தேடிப் போனார். பிள்ளை பாடம் சொல்லாத நூல் அது. எந்த வேலையால் நாம் இன்று அவரைத் தமிழ்த் தாத்தா என்கிறோமோ, அந்த வேலைக்கான பொறி ஆசிரியரிடமிருந்து வரவில்லை. அதையும் அவரே எழுதுகிறார். மூன்று பேருக்கு மூன்று தனித்தனிப் பேரேடு. ஒருவர் வரவை இன்னொருவர் கணக்கில் அவர் எழுதவே இல்லை.

தினையளவு உதவியைப் பனையளவாகக் கொள்வார்கள் என்ற குறளைச் சொன்னால் எல்லாரும் தினையையும் பனையையும் பிடித்துக்கொள்கிறார்கள். அப்படிக் கொள்கிறவர்களுக்கு வள்ளுவர் வைத்த பெயர் ‘பயன்தெரிவார்’. பயன் தெரிய வேண்டும், ஐயா. எனக்கு என்ன கிடைத்தது என்று தெரியாதவன் பனையைக் காட்டினாலும் அது அளந்த பனை அல்ல.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

1984இல் பாளையங்கோட்டையில் ஒரு சின்ன அச்சகத்தில் பிழை திருத்தச் சேர்ந்தேன். பத்தொன்பது வயது. ஒரு டிரெடில் அச்சு இயந்திரம், நாலு எழுத்துப் பெட்டி, சுவரில் போன வருடக் காலண்டர். அங்கே அச்செழுத்துக் கோக்கும் தலைமைக் கம்போசிட்டராக இருந்தவரை எல்லாரும் அண்ணாச்சி என்போம். படிப்பு ஐந்தாவதுதான். இடது கையில் ஸ்டிக்கைப் பிடித்தபடி தலைகீழாக நிற்கும் ஈய எழுத்தை நாம் பேப்பர் படிக்கிற வேகத்தில் படிப்பார். 1978லேயே எழுத்துச் சீர்திருத்தம் வந்துவிட்டது. ஆனால் எங்கள் பெட்டியில் துதிக்கை வைத்த பழைய லை இன்னும் ஒரு அறையில் கிடந்தது. அண்ணாச்சியின் கை தானாக அங்கே போகும். பாதி வழியில் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி வரும். அந்தக் கை திரும்புவதை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. முகம் அவ்வளவு தெளிவாக ஞாபகம் இல்லை.

ஒரு பதினாறாம் நாள் பத்திரிகை வந்தது, இருநூறு கார்டு. புரூஃப் பார்த்தது நான். இறந்தவர் பெயரில் ‘ர’ வர வேண்டிய இடத்தில் ‘ற’ விழுந்திருந்தது. நான் பார்க்கவில்லை. அச்சாகிக் கட்டுக் கட்டி வீட்டுக்கும் போய்விட்டது. மறுநாள் காலையில் ஆள் வந்து சொன்னார்கள். அண்ணாச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை. எழுத்தை மாற்றினார், மறுபடி ஓட்டினார், கட்டை என் கையில் கொடுத்தார்.

“நீ பார்த்த புரூஃப்தானே? நீயே கொண்டுபோய்க் குடு.”

“என்னத்தச் சொல்லிக் குடுக்க அண்ணாச்சி?”

“அது உன்பாடு. பழைய கட்ட எண்ணி வாங்கிட்டு வா. இருநூறும் வரணும்.”

ஆற்றுக்கு அந்தப் பக்கம் எட்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தேன். துக்க வீடு. வாசலில் பந்தல் பிரிக்காமல் கிடந்தது. மொட்டையடித்த தலையோடு மகன் வந்தார், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர் இருக்கும். கட்டைப் பிரித்து ஒரு கார்டை எடுத்தார். அப்பா பெயரின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினார். எனக்குக் காது அடைத்துவிட்டது. முடித்ததும் “சரியா இருக்கு தம்பி. காபி குடிச்சுட்டுப் போங்க” என்றார். உட்கார்ந்து அவர்கள் வீட்டுக் காபியைக் குடித்தேன். பழைய கார்டை எண்ணினால் நூற்றுத் தொண்ணூற்றெட்டு இருந்தது. மீதி இரண்டையும் அந்த அம்மா பூஜை அலமாரியில் வைத்திருந்ததைத் தேடி எடுத்துத் தந்தார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணாச்சியை வைதுகொண்டே வந்தேன். கூட வந்திருக்கக் கூடாதா, மனுசன்! அந்தக் கோபம் பல வருடம் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து பெயரை நான் வாசித்ததில்லை, எண்ணியிருக்கிறேன். பிறகு பத்திரிகை, புத்தகம் என்று முப்பது வருடத்துக்கு மேல் எழுத்தை வைத்தே பிழைத்தாயிற்று. மேடையில் கேட்டால் பெரிய பெரிய எழுத்தாளர்களின் பெயரைத்தான் சொல்லிவந்தேன். அண்ணாச்சியைச் சொன்னதில்லை. அச்சகத்தில் வேலை பார்த்ததைச் சொல்லவே அப்போது கூச்சமாக இருந்தது. களிமண், குயவர் என்று நானும் ஒரு முன்னுரையில் எழுதியிருக்கிறேன். அதனால்தான் உங்கள் பக்கத்தைப் பார்த்ததும் இவ்வளவு எரிச்சல்.

2010இல் ஒருவழியாகத் தேடிப் போனேன். மகள் வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கண் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. ஊரெல்லாம் ஆஃப்செட் வந்து அச்சகம் மூடி வெகுகாலம் ஆகியிருந்தது. பேருந்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். பதினாறாம் நாள் பத்திரிகை, சைக்கிள், காபி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் “அப்படியா? ஞாபகம் இல்லயே தம்பி” என்றார். கொஞ்ச நேரம் கழித்து முகம் மலர்ந்தது. “சனிக்கிழமையானா அஞ்சு ரூவா அட்வான்ஸ் கேப்பியே, அந்தப் பையனா நீ?”

ஆமாம் அண்ணாச்சி, அந்தப் பையன்தான் என்றேன்.

நான் இருபத்தாறு வருடம் சுமந்துகொண்டு போன நாள் அவருக்கு இன்னொரு வேலை நாள். அவருக்கு ஞாபகம் இருந்த சனிக்கிழமைகள் எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தன. அந்த ஐந்து ரூபாயை அவர் தன் கையிலிருந்துதான் தந்துகொண்டிருந்தார் என்பதை உள்ளேயிருந்து மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முதலாளி தருவதாக அல்லவா நினைத்திருந்தேன். என் கணக்கிலேயே அப்படி ஒரு வரவு விடுபட்டிருந்தது. வேறு எத்தனை விடுபட்டதோ. அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். தகவல் எனக்கு வரும்போது பதினாறாம் நாளும் முடிந்திருந்தது.

உங்கள் கேள்வி எங்கோ போய்விட்டது. எழுதுவதா, என்ன எழுதுவது என்பதுதானே? எழுதுங்கள். ஃபைல் எறிந்த நாளையே எழுதுங்கள். எந்த வருடம், யாருடைய ஃபைல், அதில் நீங்கள் செய்த தப்பு என்ன, மறுநாள் அலுவலகத்துக்கு எப்படிப் போனீர்கள், அவர் உங்களைப் பார்த்தாரா, பார்க்காததுபோல் இருந்தாரா. கோபம் இன்னும் இருக்கிறதென்றால் இருக்கிறது என்றே எழுதுங்கள். எண்பது வயது ஆடிட்டருக்கு அதைத் தாங்கத் தெரியும். உங்களுக்குத் தெரியாமல் அவர் எதாவது செய்திருந்தால் அதை அலுவலகத்தில் அப்போதிருந்த டைப்பிஸ்ட், பியூன் யாரையாவது பிடித்துக் கேளுங்கள். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே. அந்த நாள் அவருக்கு ஞாபகமே இல்லாமல் போகலாம். வருத்தப்படாமல் சதாபிஷேகச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அப்புறம், மலர் அச்சுக்குப் போகும் முன் புரூஃபை வாங்கி அவர் பெயரை மட்டுமாவது நீங்களே எழுத்தெண்ணிப் பார்த்துவிடுங்கள்.