தட்டினால் மனம் திறக்குமா?

கேள்வி: அப்பா இந்திய ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். 1999இல் கார்கிலில் இருந்தார். அம்மா போன பிறகு இங்கே சிங்கப்பூரில் எங்களோடு இருக்கிறார். தேசிய தின ஒத்திகைக்குப் போர் விமானம் தாழப் பறந்தால், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். இரவில் தூக்கம் இல்லை. கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்பார். முகத்தில் விரலால் தட்டும் சிகிச்சை முன்னாள் ராணுவத்தினருக்கு நன்றாக வேலை செய்கிறதாம், மாமியார் வீடியோ அனுப்பினார். செய்து பார்க்கலாமா?
- வாசகி, ஈசூன்

பதில்: செய்து பார்க்கலாம். ஆனால் அது ஒன்றையே நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

இதை இஎஃப்டி (உணர்ச்சி விடுதலை உத்தி) என்பார்கள். ரோஜர் கலஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் தொடங்கியதை எளிமையாக்கி 1990களில் பரப்பியவர் கேரி கிரெய்க். அவர் மருத்துவர் இல்லை, பொறியாளர். பதற்றம் பத்துக்கு எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை ஓரத்தில் தட்டிக்கொண்டே மனதில் உள்ளதை வாய்விட்டுச் சொல்லி, அப்புறம் புருவத்தின் உள்முனை, கண்ணோரம், கண்ணுக்குக் கீழே, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே, முகவாய், காறை எலும்பு, அக்குளுக்குக் கீழே, உச்சந்தலை என்று இரண்டு விரலால் ஏழெட்டுத் தட்டு. முடித்ததும் மறுபடி பத்துக்கு எவ்வளவு என்று பார்ப்பது. அவ்வளவுதான்.

பலன் உண்டா? 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 59 முன்னாள் ராணுவத்தினர் இருந்தார்கள். ஆறு அமர்வு தட்டியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு, அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் (பிடிஎஸ்டி) என்று சொல்லும் அளவுக்கு அறிகுறிகள் இல்லாமல் போயின. மாமியார் அனுப்பிய வீடியோவிலும் இதுதான் வந்திருக்கும். ஆனால் அவர்களை ஒப்பிட்டது தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்களோடு, வேறொரு நல்ல சிகிச்சை பெற்றவர்களோடு அல்ல. 2003இல் பயத்தைப் பற்றி வந்த இன்னொரு ஆய்வில், சொன்ன இடத்தை விட்டுக் கையில் தட்டியவர்களுக்கும், ஒரு பொம்மையின் மேல் தட்டியவர்களுக்குமே பயம் அதே அளவு குறைந்தது! அதனால் தட்டும் இடங்களில் சக்தி ஓட்டம், நாடி இருக்கிறது என்று இந்த முறைக்காரர்கள் சொல்வதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பயத்தை வாய்விட்டுச் சொல்வது, கவனம் விரலுக்குப் போவது, பக்கத்தில் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்திருப்பது, இவையே பாதி வேலையைச் செய்துவிடும் என்று நினைக்கிறேன்.

வீட்டில் செய்வதாக இருந்தால் விமானச் சத்தத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கார்கிலில் என்ன நடந்தது என்று நீங்கள் தோண்டவே கூடாது. "சத்தம் கேட்டா நெஞ்சு படபடக்குது, பரவாயில்ல, நான் ஈசூன்லதான் இருக்கேன்" என்று சொல்லித் தட்டினால் போதும். சிகிச்சை என்றால் பட்டாளத்துக்காரர் முறைப்பார், பயிற்சி என்று சொல்லி நீங்களும் கூடவே செய்யுங்கள். பார்வை எங்கோ நிலைகுத்தினாலோ, கை நடுங்கினாலோ உடனே நிறுத்தி, காலைத் தரையில் ஊன்றச் சொல்லி, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, இன்றைக்கு என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று பேச்சுக் கொடுங்கள். ஒத்திகை நடக்கும் சனிக்கிழமைகளை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பாதிப் பதற்றம் அதிலேயே குறையும். காதையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். பீரங்கிப் பக்கத்தில் நின்றவர்களுக்குக் காதில் இரைச்சல் இருப்பது சாதாரணம், அதுவும் தூக்கத்தைக் கெடுக்கும்.

மருத்துவர்கள் முதலில் பரிந்துரைப்பது அதிர்ச்சிக்கென்றே உள்ள சிபிடி (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சு சிகிச்சை), இஎம்டிஆர் (கண்ணை அசைத்தபடி பழைய நினைவைக் கையாளும் சிகிச்சை) இரண்டும்தான். அப்பா நீண்டகால வருகை அனுமதியில் இருந்தால் இங்கே மானியம் கிடையாது, செலவு கையைக் கடிக்கும். ஓய்வூதியம் வாங்குகிறவர் என்பதால் ஊருக்குப் போகும்போது முன்னாள் ராணுவத்தினருக்கான இசிஎச்எஸ் மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் கேளுங்கள். ஊரில் இருக்கும்போது இந்திய அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு அழைத்தால் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: 2004 சுனாமிக்குப் பிறகு சிங்கப்பூர் ஆயுதப்படையோடு அச்சேயில் மீலாபோவுக்குப் போனவன் நான். ஈரச்சந்தைக்குள் நுழைந்தாலே அந்த வாடை வந்துவிடுகிறது. போருக்கே போகாதவன் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
- வாசகர், செங்காங்

பதில்: அண்ணே, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துப்பாக்கி பிடித்தால்தான் இது வரும் என்று எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை. சடலங்களை அப்புறப்படுத்துகிறவர்களுக்கும் வரும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். வாடை பழையதைச் சட்டென்று இழுத்துவரும். சந்தைக்குள் மூச்சு முட்டினால் தட்டிக்கொள்ளுங்கள், தவறே இல்லை. ஆனால் இத்தனை வருடம் ஆகியும் போகாதது தானாகப் போகும் என்று காத்திருக்காதீர்கள். பலதுறை மருந்தகத்தில் சொன்னால் மனநலக் கழகத்துக்கு எழுதித் தருவார்கள், உங்களுக்கு மானியமும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால் எந்த நேரமானாலும் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767க்கு அழையுங்கள்.

கேள்வி: இந்தத் தட்டும் சிகிச்சைக்குச் சனி, ஞாயிறு இரண்டே நாள் வகுப்பு, சான்றிதழ் தருவார்களாம். அப்புறம் முன்னாள் ராணுவத்தினருக்கு நானே இதைச் செய்யலாம் என்கிறார்கள். சேரலாமா?
- வாசகி, ஆங் மோ கியோ

பதில்: உங்கள் சொந்தப் பதற்றத்துக்கு என்றால் மேலே எழுதியிருப்பதே போதும், காசு வேண்டாம். அடுத்தவருடைய போர் நினைவுகளைத் தொட இரண்டு நாள் போதாது. பணம் கட்டுமுன் நடத்துகிறவரிடம் ஒன்று கேளுங்கள்: பாதியில் ஒருவர் உடைந்துபோனால் என்ன செய்வீர்கள், எந்த மருத்துவரிடம் அனுப்புவீர்கள்? நேரான பதில் வராவிட்டால் கிளம்பி வந்துவிடுங்கள்.